உன் முத்துமாலை மிதந்த உயரம்

என் மாரியக்காவுக்கு,

கொஞ்சிக் கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்க நினைத்தேன். ஆனால் பத்து நாளாக எனக்கு எல்லார் மேலும் எரிச்சலாக இருக்கிறது. உன் மேலும்தான். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், உப்பளத்தில் கங்காணியிடம் என்று எங்கே போனாலும் எனக்கும் சேர்த்து நீதான் பேசினாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றே வளர்ந்தவள். வாய் திறக்கத் தெரியாத ஒருத்தியை இந்தத் தெருவில் தனியாக விட்டுவிட்டு எப்படி உனக்குப் போக மனசு வந்தது?

வருகிற சனிக்கிழமை நீ போய் இரண்டு வருஷம். பிளக்ஸ் வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். உன் போட்டோவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சி கம்ப்யூட்டரில் வாசகம் எல்லாம் தயாராக வைத்திருக்கிறார். பேரை மட்டும் மாற்றினால் போதும்.

"ஏ பிள்ள, எது வேணும்னு சொல்லு. உதிர்ந்த மலரேன்னு இருக்கு, அணையா விளக்கேன்னு இருக்கு. பொம்பளப் பிள்ளைக்கு மலருதான் எடுப்பா இருக்கும்."

நீ மலரா அக்கா? எடை குறைத்துப் போட்டவனைப் பார்த்து 'ஏலே, ஒன் வீட்டு உப்பாலே இது' என்று அளம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தியவள். மலர் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, பிளக்ஸில் இடம் காணாது. அதனால் இந்த நோட்டில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் தாளைக் கிழித்து உன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். தெருவில் போகிறவர்கள் படித்தால் படிக்கட்டும். எனக்கு வாயால் சொல்ல வராது.

முதலில் இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நம் தெருவுக்குக் கிழக்கே, அளத்துக்குள் வரிசையாகக் குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். துறைமுகத்துக்குப் புது ரோடு வருகிறது. ரோடு எப்படி வர வேண்டும், எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டக் கூடாது, தண்ணீர் போக எங்கே வழி விட வேண்டும் என்று இந்தக் கரை முழுவதற்கும் ஒரு மேப் போட்டிருக்கிறார்கள். ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். சிவப்பு என்றால் தண்ணீர் அதிகம் நின்ற இடம். நம் தெரு மஞ்சள்.

மஞ்சள். நீ நம்புவாயா?

சிவப்பாக இருந்தால் அந்த இடத்தில் ரோட்டைத் தூண் மேல் தூக்கிக் கட்டி, கீழே தண்ணீர் போக விடுவார்களாம். மஞ்சள் என்றால் மண் அடித்து மேடாக்கி, நடுவில் மூன்று குழாய் பதிப்பார்களாம். மேற்கே குளம் உடைந்து வந்த தண்ணீர் நம் தெரு வழியாக அளத்தில் இறங்கித்தானே கடலுக்குப் போனது? இனிமேல் வருகிற தண்ணீர் அந்த மேட்டில் முட்டித் திரும்பி நம் வீட்டுக்குள்தான் நிற்கும். மூன்று குழாயில் எவ்வளவு போகும்? ஒரு தென்னை மட்டை அடைத்தால் ஒரு குழாய் போச்சு.

இந்த மேப்பில் நம் தெரு மஞ்சளானதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ போன நாலாவது மாதம். பருவநிலை மாற்றம் பற்றி ஆராய்ச்சி செய்கிறோம் என்று ஒரு அண்ணன் தெருவுக்கு வந்தார். கையில் சிலேட்டு அளவுக்கு ஒரு போன். கடல் மட்டம் உயர்கிறது, மழையும் முன்னே மாதிரி இல்லாமல் ஒரே நாளில் கொட்டுகிறது, இரண்டும் சந்திக்கிற இடம் உங்கள் அளம்தான் என்று பொறுமையாகச் சொன்னார். நல்லவர்தான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வாங்கிக் குடித்தார்.

வெள்ளம் வற்றிய கையோடு பொங்கல் வந்ததல்லவா? கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் இருப்பார்களா? சேற்றுக் கோடு அசிங்கமாகத் தெரிகிறது என்று ஆளாளுக்கு இரண்டு பூச்சு கூடவே அடித்தார்கள். நீ காய்ச்சலோடு திண்டாடிக்கொண்டு உள்ளே கிடந்தாய். நம் வீட்டுக்கு நான்தான் அடித்தேன். அந்த அண்ணன் வந்து பார்த்தபோது தெருவில் ஒரு சுவரிலும் கோடு இல்லை.

அதனால் அவர் வேறு வழி வைத்திருந்தார். "தண்ணி ஒங்களுக்கு எதுவர வந்துச்சுன்னு சுவரோரம் நின்னு கை வச்சுக் காட்டுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்" என்றார்.

தெருவில் முதல் வீடு நம்முடையது. நான்தான் முதலில் நின்றேன். நைட்டியோடு வெளியே வந்திருந்தேன், துண்டுகூடப் போடவில்லை. அவர் போனைத் தூக்கிப் பிடித்தார். எதிர் வீட்டில் எல்லாரும் பார்க்கிறார்கள். உண்மையைக் காட்ட வேண்டுமென்றால் நான் என் மூக்குக்கு நேராகக் கையைத் தூக்க வேண்டும். கை மேலே வரும்போதே நெஞ்சுக்கு நேராக எல்லாரும் பார்க்கிற மாதிரி எனக்கு உடம்பு கூசியது. வாசல்படிக்குள் அம்மா வேறு நின்றுகொண்டிருந்தாள்.

இடுப்பில் கை வைத்தேன். டக் என்று சத்தம் கேட்டது. முடிந்தது.

அம்மா நின்றதும் ஒரு காரணம், அது உனக்குத் தெரியும். வெள்ளம் வந்த அன்றைக்கு அம்மா விளாத்திகுளத்தில் மாமா வீட்டில் இருந்தாள். விடிந்ததிலிருந்து மத்தியானம் படகு வருகிற வரை நாம் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றோம். மேலே ஏற முடியாது, ஆஸ்பெஸ்டாஸ் தாங்காது. நீ என்னை ஆட்டுக்கல் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு நீ தரையில் நின்றாய். தண்ணீர் உன் கழுத்துக் குழி வரை, அன்றைக்கு என் உயரத்துக்கு மூக்கு வரை, வந்தது. திருச்செந்தூரில் வாங்கிய அந்தப் பிளாஸ்டிக் முத்துமாலை தண்ணீர் மேல் மிதந்து உன்னைச் சுற்றி வட்டமாக நின்றது. நான் அழுதபோது நீ என்ன சொன்னாய்? "பாருளா, முத்துக் குளிக்கப் போனவ மாதிரி இருக்கேன். சிரி பாப்போம்." நான் சிரித்தேனா? ஞாபகம் இல்லை.

மறுநாள் அம்மா நடந்தும் லாரியிலுமாக வந்து சேர்ந்தபோது நீ என் கையைக் கிள்ளினாய். "இடுப்பளவுதாம்மா வந்துச்சு. கட்டில்ல ஏறி உக்காந்துட்டோம்" என்றாய். அம்மா பயந்துவிடுவாள், இனி ஒரு நாளும் வீட்டை விட்டு எங்கேயும் போக மாட்டாள் என்றுதானே அப்படிச் சொன்னாய்? உன் பொய்யைத்தான் நான் போட்டோவிலும் காட்டினேன். அதனால்தான் உன் மேலும் எரிச்சல் என்றேன்.

எனக்கு அடுத்து அன்னக்கிளி மதினி. அவளும் இடுப்பில் கை வைத்தாள். அதற்கடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஆண்கள் எல்லாரும் அளத்துக்கோ லாரிக்கோ போயிருந்தார்கள். பதினாலு வீட்டுப் பெண்களும் வரிசையாக இடுப்பில் கை வைத்து நின்றதைப் பார்த்தால் ஏதோ டான்ஸுக்கு நிற்கிற மாதிரி இருந்திருக்கும். மேட்டுத் தெருவில் வேறு கதை. அங்கே அந்த அண்ணன் டீக்கடையில் வைத்து ஆண்களிடம் கேட்டிருக்கிறார். ஒருவர் நெஞ்சைக் காட்ட, அடுத்தவர் கழுத்தைக் காட்ட, கடைசி ஆள் தலைக்கு மேல் கையைத் தூக்கிவிட்டார். கணுக்கால் நனையாத தெரு இன்றைக்கு மேப்பில் சிவப்பு.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு விட்டுவிட்டு வந்த அதே பள்ளிக்கூடம். புத்தகம் எல்லாம் தண்ணீரில் போன பிறகு, நீயும் போன பிறகு, நான் அந்த வாசல் பக்கம் போகவே இல்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஆராய்ச்சியை நடத்துகிற மேடம் வந்திருந்தார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்றார்கள்.

அன்னக்கிளி மதினி எழுந்து, "எங்க தெரு முங்கிப் போச்சு. அதுக்கு ஏன் மஞ்சக் கலரு?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த அதிகாரி, "படம் இருக்கும்மா, நீங்களே பாத்துக்கோங்க" என்று திரையில் போட்டார். முதல் படம் நான். சுவர் அளவுக்குப் பெரிதாக. தலையைக் குனிந்துகொண்டு, இடுப்பில் கை. பின்னால் யாரோ, "ஏலே, குடம் ஒண்ணுதாம்லே கொறச்ச" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

நீ இருந்திருந்தால் எழுந்து நின்று அந்தச் சிரிப்பை நிறுத்தியிருப்பாய். நான் எழுந்திருக்கவில்லை. கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்குகிற வரை உட்கார்ந்தே இருந்தேன். என்னை நினைத்து எனக்கே அவ்வளவு ஆத்திரமாக வந்தது.

பிறகு ஒரு துண்டுத் தாளில் எழுதினேன். 'மேடம், முதல் படத்தில் இருப்பது நான். நான் காட்டியது உண்மை இல்லை. தண்ணீர் என் மூக்குக்கு வந்தது. என்னைப் பார்த்துத்தான் மற்றவர்களும் காட்டினார்கள்.' மேடம் காருக்குப் போகும்போது கையில் கொடுத்தேன். அங்கேயே நின்று படித்தார்கள். "ஏன்மா அப்படிக் காட்டுன?" என்று கேட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அன்னக்கிளி மதினிதான் பேசினாள். "ஒரு இளந்தாரிப் பய போட்டோ எடுக்கப் போனத் தூக்கிட்டு நிக்கான். பொம்பள எங்கன கை வச்சுக் காட்டுவா? நீங்களே சொல்லுங்க மேடம்."

மேடம் கையில் இருந்த தாளை மறுபடி ஒரு தடவை பார்த்தார்கள். "எங்களுக்கு இது தோணவே இல்ல" என்றார்கள். ஊரெல்லாம் படித்து, கடல் எவ்வளவு உயரும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை? ஒரு பெண்ணை அனுப்பியிருந்தால் போதுமே. அவர்களே ஒரு பெண்தானே? எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

மேப்பை முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு தடவை திருத்தலாமாம். ஆனால் படத்தில் இருக்கிற அதே ஆட்கள் அதே இடத்தில் மறுபடி நின்று காட்ட வேண்டும். வியாழக்கிழமை காலை பத்து மணி. அதாவது நாளை. யார் வருவார்கள் என்று மதினி கேட்டாள். "அதே பையன்தான்மா. எங்களுக்கு வேற ஆளில்ல" என்றார்கள். எப்படி இருக்கிறது பார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வீடு வீடாகப் போனேன். சிரிக்காதே. நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் போனேன். கதவைத் தட்டிவிட்டு நோட்டை நீட்டினேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்துச் சொன்னார்கள்.

"இப்போ மாத்திக் காட்டுனா அப்போ பொய் சொன்னோம்னு ஆயிரும்லா?" என்றார்கள் ஒரு வீட்டில்.

"ஏளா, செவப்புன்னா காலி பண்ணச் சொல்லுவான். ஊருக்கு வெளிய கொண்டு போயி மாடி வீட்டுல போட்டுட்டான்னா, காலையில அளத்துக்கு வாரதுக்கு ஒங்க அய்யாவா பஸ்ஸு விடுவாரு?" என்றாள் கடைசி வீட்டுப் பேச்சித்தாய் சித்தி.

அது நியாயமான கேள்விதான் அக்கா. அதையும் எழுதி, மேடம் தந்திருந்த நம்பருக்குப் போனில் அனுப்பினேன். 'ரோட்டைத் தூணில் கட்டச் சொல்லி எழுதுவேன். காலி பண்ணச் சொல்ல மாட்டார்கள் என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது' என்று பதில் வந்தது. ஒளிக்காமல் அதையும் எல்லா வீட்டிலும் காட்டினேன். காட்டியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் பிறகு ஆறு வீட்டில் கதவே திறக்கவில்லை. ஆனால் மறைத்துக் கூட்டி வந்து நிறுத்தினால் அது இன்னொரு இடுப்பளவுதானே?

உன் இறப்புச் சர்ட்டிபிகேட்டிலும் காய்ச்சல் என்றுதான் போட்டிருக்கிறது. அந்தச் சாக்கடைத் தண்ணீரில் கழுத்து வரை நின்றவள் என்று அதில் ஒரு இடத்திலும் இல்லை. அதை நினைத்துக்கொண்டுதான் திங்கட்கிழமை மறுபடி பிளக்ஸ் கடைக்குப் போனேன். உன் நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன். உனக்குத் தெரியாதே, அது எனக்கு இப்போது அளவாக இருக்கிறது. பேன்ட்டின் கீழ் விளிம்பு உனக்கு எங்கே வந்து நிற்குமோ அதே கணுக்கால் எலும்பில் வந்து நிற்கிறது. போன வருஷம் இரண்டு சுற்று மடித்துப் போட்டேன்.

திருச்செந்தூர் கடற்கரையில் எடுத்த முழுப் படத்தைக் கொடுத்தேன். நீ இதே சுடிதாரோடு, அந்த முத்துமாலையோடு நிற்பது. "ஆள் உயரத்துக்கு வேணும்" என்றேன்.

"ஆள் உயரமா? அது கட்சிக்காரவுகளுக்குப் போடுததுலா. ஒங்க அக்கா எந்த உயரம்?"

"என் உயரம்."

அண்ணாச்சி டேப்பை எடுத்து என்னைச் சுவரில் நிறுத்தி அளந்தார். பிறகு நான் முத்துமாலை மேல் விரலை வைத்து, "இங்கன ஒரு நீலக் கோடு போடணும். குறுக்க" என்றேன்.

"கழுத்துக்குக் குறுக்கயா? எதுக்கு?"

"தண்ணி."

அவர் மவுஸில் இருந்து கையை எடுத்துவிட்டார். "எங் கடையில கீபோர்டு மெதந்துச்சு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டை அவரே இழுத்தார். எந்த வாசகம் போடுவது என்று கடைசியாகக் கேட்டபோது நான் சொன்னேன். அத்தனை வார்த்தை ஒரு கடைக்காரரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

மாரிச்செல்வி. தண்ணீர் இவ்வளவு வந்தது.

வேறு எதுவும் இல்லை. மலர் இல்லை, விளக்கு இல்லை.

இன்று மத்தியானம் அதைச் சுவரில் கட்டினேன். நம் வீட்டுத் தரையும் தெருவும் ஒரே மட்டம்தானே, அதனால் உன் பாதம் தெருத் தரையில் படுகிற மாதிரி, சரியாக. உன் கழுத்துக் கோட்டில் இருந்து நூல் பிடித்து, நீலச் சாக்பீஸால் சுவரின் மூலை வரை இழுத்துவிட்டேன். அம்மா அளத்தில் இருந்து வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை.

"செத்தவளுக்கு நாளுக்கு முந்தியா வைப்பாவ? கூறு இருக்கா ஒனக்கு?" என்று தெருமுனையில் இருந்தே திட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். கோட்டைப் பார்த்தாள். உன் பக்கத்தில் போய் முதுகைச் சுவரில் சாய்த்து நின்றாள். அம்மா நம்மைவிடக் குட்டை. கோடு அவள் வாய்க்கு நேராக வந்தது.

"இவ்வளவா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அவ இடுப்புன்னுல்லா சொன்னா."

கையில் இருந்த தூக்குவாளியைக் கீழே வைக்காமலே கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். இன்னும் என்னிடம் பேசவில்லை. நீ சொல்லிக்கொடுத்த பொய்யை நான் உடைத்துவிட்டேன். உனக்கு வருத்தமா?

அம்மா போன பிறகு அன்னக்கிளி மதினி வந்து கோட்டில் நின்று பார்த்தாள். மூக்குக்கு வந்தது. "அடியாத்தி, இங்கன வந்த தண்ணிக்கா நான் ஒய்யாரமா இடுப்புல கை வச்சேன்" என்று அவளே சிரித்தாள். போகும்போது என் சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டு போய், என் கோடு விட்ட மூலையில் இருந்து அவள் சுவரில் தொடர்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று வீட்டில் இழுத்தார்கள். ஐந்தாவது சுவரில் கோடு நிற்கிறது. பேச்சித்தாய் சித்தி வாசலில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள், எழுந்து வரவில்லை. நாளைக்கு எத்தனை பேர் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஐந்து வீட்டுக் கோட்டுக்கு மேப்பில் நிறம் மாறுமா என்றும் தெரியாது. மேடமும் சொல்லவில்லை.

ஆனால் முதல் வீடு நம்முடையது அக்கா. அந்த அண்ணன் முதலில் என் முன்னால்தான் வந்து நிற்பார். பழைய படத்தில் என் கை இடுப்பில் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு உன் பக்கத்தில், உன் சுடிதாரில் நிற்பேன். இப்போது நான் உன் உயரம். தண்ணீர் என் மூக்குக்கு எட்டாது, உனக்கு வந்த மாதிரி என் கழுத்துக் குழிக்குத்தான் வரும். அங்கே கையை வைப்பேன். எதிர் வீட்டில் யார் பார்த்தாலும், யார் சிரித்தாலும், அவர் போனைக் கீழே இறக்குகிற வரை எடுக்க மாட்டேன். குனியவும் மாட்டேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

நீ ஆட்டுக்கல்லில் ஏற்றி நிறுத்திய
உன் தங்கச்சி,
இசக்கி